வாத்துக்கும் ஓர் எண்

விலங்கியல் இரண்டாம் ஆண்டில்
கரப்பானின் உமிழ்நீர்ச் சுரப்பியைக்
கிழியாமல் எடுத்தவள் நான் ஒருத்திதான்.
வகுப்பே எட்டிப் பார்த்தது.

அந்தக் கை இப்போது
பெருங்குடியில், ஏழாவது மாடியில்,
அமெரிக்கர்களின் நோய்களுக்கு எண் போடுகிறது.
முழங்கால் வலிக்கு ஒன்று, மூச்சிரைப்புக்கு ஒன்று.
வாத்து முட்டிக் காயம் என்றால்
அதற்கும் ஓர் எண் உண்டு, சத்தியமாக.

"படிச்சதுக்கு ஏத்த வேலைதானா?"
பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்.
உடம்பு சம்பந்தப்பட்டதுதான் என்றேன்.
அம்மா டம்ளர்களை அடுக்கத் தொடங்கினாள்.

பர்வீன் வடபழனியில், கருத்தரிப்பு மையத்தில்;
நுண்ணோக்கியடியில் அடுத்தவர் கருமுட்டைகள்.
சுகிர்தன் நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணையில்.
காலை வணக்கத்துக்குப் பதில்
இறால் படம் அனுப்புகிறான்.

இரவுப் பணி முடிந்து இறங்கினால்
வண்டி இன்னும் வரவில்லை.
குப்பைமேட்டுப் புகையோடு
பள்ளிக்கரணை விடிகிறது.
கோரைத் தண்டை ஒற்றைக் காலில் பிடித்துத்
தின்றுகொண்டிருக்கிறது ஒரு நீலத் தாழைக்கோழி.
போர்ஃபிரியோ போர்ஃபிரியோ:
பேரினமும் சிற்றினமும் ஒரே பெயர்,
அதனால் மறக்கவில்லை.

பன்னிரண்டு. பதின்மூன்று.
பதினான்காவது நாணலுக்குள் போய்விட்டது.
வண்டி ஹாரன் அடிக்கிறது.
முதலிலிருந்து எண்ணுகிறேன்.