வாய் பார்க்கிறவள்

கடவுச்சீட்டின் பதினேழாம் பக்கத்தில்
என்னை ஒட்டிவைத்திருக்கிறார்கள்:
சார்ந்திருப்பவர்.
அடியில் பொடி எழுத்தில்,
எவ்வகை வேலையும் கண்டிப்பாகத் தடை.

லெபோ பந்தாய் குடிநுழைவு அலுவலகத்தில்
மூன்று மணி நேரம் கழித்து எண் வந்தது.
முத்திரை குத்திய பெண்ணுக்குக்
கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன.
பதினெட்டு மாதம் கம்பி போட்டால் இறங்கிவிடும்.
தெரிமா காசே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கம்
சும்மா தெருவில் நிற்கிறவனை
வாய் பார்க்கிறான் என்பார்கள்.
ஐந்து வருடம் படித்து
ஈரோட்டில் நாலு வருடம்
நாளுக்கு இருபது வாய் பார்த்தேன்.
இப்போது பினாங்கில்
இரண்டு அர்த்தத்திலும் பார்க்கிறேன்.

நாசி கண்டார் கடையில் குழம்பு ஊற்றும் காதிர் பாய்
இடப்பக்கம் மட்டுமே மெல்கிறார்.
சுங்கை நிபோங் சந்தையில் மீன் வெட்டுகிறவருக்கு
ஈறு கறுத்து வருகிறது,
அவருக்கு அது தெரியாது.
மின்தூக்கியில் ஒரு பையன்
ஆடும் பாற்பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டினான்.
என் விரல்கள் தானாக உயர்ந்தன.
பையில் போட்டு மூடிக்கொண்டேன்.

படிவத்தில் தொழில் என்றொரு கட்டம்.
இல்லத்தரசி என்று ஏஜென்ட் நிரப்பினார்.
அரசியின் தேசம் பதினோராம் மாடி,
வாடகை ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.

அனுமதி கேட்காமலில்லை.
முதலில் உன்னை எடுக்கும் கிளினிக்கைக் காட்டு என்றார்கள்.
கிளினிக்கில்,
முதலில் அனுமதியைக் காட்டு.
பல் முளைத்த பிறகு பிறந்து வா
என்பதுபோல இருந்தது.

ஆறே முக்காலுக்குப் பரிதி
பாயான் லெப்பாஸ் ஆலைப் பேருந்தில் ஏறுவான்.
கண்ணுக்குத் தெரியாத கீறலுக்காக
நாளெல்லாம் சில்லுகளைச் சோதிக்கிறவன்.
இன்னைக்கு என்ன பண்ணே என்று
முதல் இரண்டு மாதம் கேட்டான்.
பிறகு நிறுத்திவிட்டான்.
பிடுங்கிய பல்லின் குழிபோல ஆகிவிட்டது அந்த இடம்,
இருவர் நாக்கும் அங்கேயே போகிறது.

சிறு கண்ணாடியையும் கொக்கி ஊசியையும்
அவனுடைய பழைய லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்தேன்.
போன மாதம் அந்தக் கண்ணாடியால்
அடுப்புக்குப் பின்னால் விழுந்த
தோட்டுத் திருகைக் கண்டுபிடித்தேன்.
அன்றைக்கு அதுதான் வேலை.

நேற்றில்லை, அதற்கு முந்தின வெள்ளி, இரவு பதினொன்றரை.
ஒன்பதாம் மாடி மிஸஸ் கூ
வீங்கிய கன்னத்தில் ஐஸ் பொட்டலத்தோடு.
யூ டாக்டர், யா?

கைப்பேசி வெளிச்சம். கண்ணாடி.
கீழே வலது, இரண்டாம் கடைவாய்ப்பல்.
வேர்வரை சீழ்.
நான் தொடவில்லை.
வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன்.
விடிந்ததும் மருத்துவமனைக்குப் போ என்றேன்.

பார்த்தது வேலையா?
சொன்னது வேலையா?
முன்னும் பின்னும் முழங்கைவரை கை கழுவினேனே,
அது?

ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினாள்.
ஈரக்கையால் சுவிட்சைத் தொட்டவளாய்
விலகினேன்.
என் பெருந்தன்மை என்று நினைத்திருப்பாள்.
கையை இரண்டு முறை பிடித்து ஆட்டினாள்.
அவளுக்குப் பண்பு.
எனக்குப் பதினேழாம் பக்கம்.

இன்று கதவுப் பிடியில்
ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது.
பாலிக் புலாவ் ஜாதிக்காய்,
சர்க்கரையில் புரட்டியது, பல்லுக்கு ஆகாது.
வேலை முடிந்து வந்த பரிதி
நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டு
யார் குடுத்தது என்றான்.

சம்பளம், என்றேன்.

மெல்வதை நிறுத்தினான்.
என்னைப் பார்க்கவில்லை,
கதவைப் பார்த்தான்,
தாழ் போட்டிருக்கிறதா என்று.