விபத்துப் பதிவேடு

சபை அமர்வில் அது ஏழாவது பிரேரணை.
ஆறாவது, சந்தைக் கடை வாடகை;
அதிலேயே எல்லோருக்கும் தொண்டை வற்றிவிட்டது.
ஏழாவதை எதிர்க்க ஒருவருக்கும் தெம்பில்லை.
அப்படித்தான் பிறந்தது
மட்டக்களப்பு மாநகர சபையின்
ஊழியர் பாதுகாப்பு, சுகநலப் பிரிவு:
ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு றப்பர் முத்திரை,
வருமானப் பகுதியிலிருந்து
பெயர்த்தெடுத்து வைத்த நான்.

அறை, தெருவிளக்குக் களஞ்சியத்தின் பின்புறம்.
ஜன்னலைத் திறந்தால் வாவி.
திறக்கத்தான் முடியாது.
பிணைச்சலைத் தின்றுவிட்டு
துருவைத் துப்பியிருந்தது உப்புக்காற்று.

பதிவேட்டுக்கு நானே கோடு போட்டேன்.
திகதி, பெயர், ஊழியர் இலக்கம்,
காயத்தின் தன்மை, இழந்த நாட்கள்.
இழந்த விரலுக்கு நிரல் வைக்க மறந்திருந்தேன்.

மூன்று கிழமை, ஒரு பதிவும் இல்லை.
காயமே இல்லாத சபை என்று
மாத அறிக்கையில் எழுதலாம்.
பிரதம இலிகிதர் அதைத்தான் விரும்பினார்.

விடிய ஐந்தரைக்குப் பார் வீதியில் போய் நின்றேன்.
உழவு இயந்திரப் பெட்டியின் விளிம்பில்
ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்தார்கள்.
கையுறை எங்கே என்றேன்.
நீக்கிலாப்பிள்ளை சிரித்தார்.
"ரெண்டு மாசத்துக்கு ஒரு சோடி புள்ள.
அதப் போட்டுக் கிழிக்கவா சொல்றீங்க?"
வீட்டில் பொலித்தீன் கழற்றாமல்
பத்திரமாக வைத்திருக்கிறாராம்.

கானுக்குள் இறங்கும் பூமலர்
ஊசி குத்தினதை எறும்புக்கடி என்றாள்.
எத்தனை எறும்பு என்று கேட்டேன்.
அவள் வாளியை எடுத்துக்கொண்டு
அடுத்த மூடியைத் திறக்கப் போய்விட்டாள்.
அமய ஊழியம். வாய் திறந்தால்
நாளைக்குப் பெயர் கூப்பிட மாட்டார்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை.
என் கதிரைக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்த
பழைய குழல்விளக்குகள்
கேட்பாரின்றிச் சரிந்தன.
புறங்கையில் நாலு தையல்.
முதல் பக்கத்தில் மூன்று துளி.

முதல் பதிவை இடது கையால் எழுதினேன்.
பெயர்: என் பெயர்.
காரணம்: களஞ்சிய ஒழுங்கீனம்.
பொறுப்பான உத்தியோகத்தர்: மறுபடியும் என் பெயர்.

பத்து மணித் தேத்தண்ணிக்குள்
ஊறணி வரைக்கும் கதை போய்விட்டது.
"பாதுகாப்புக் கந்தோருக்கே பாதுகாப்பு இல்லியாமே!"
பார்க்க வந்தார்கள், வாயைப் பொத்திச் சிரித்தபடி.
அறை கொள்ளவில்லை.
நீக்கிலாப்பிள்ளை என் கிறுக்கலை
எழுத்தெழுத்தாய் வாசித்து முடித்தார்.
பிறகு சிரிக்காமல்
வலது கையை மேசையில் விரித்து வைத்தார்.
சுட்டுவிரல் பாதியில் நின்றிருந்தது.
"இது போன வருசத்துச் சாமான்.
போடலாமா?"

போடலாம்.
ஊழியர் இலக்கம்?
பதினொரு வருசம். இலக்கம் இல்லை.
இலக்கம் இல்லாதவர்
ஊழியர் அல்லர் என்கிறது சுற்றறிக்கை.
அவருக்கு மனப்பாடமான ஒரே இலக்கத்தை எழுதினேன்,
அவர் தொங்கிப் போகும் உழவு இயந்திரத்தினது.

அடுத்து பூமலர் வந்தாள்.
எறும்புகளை விரல்விட்டு எண்ணினாள்.
கையுறைக் கேள்வித்தாளை
அன்று பின்னேரமே அனுப்பினேன்;
இன்னும் கொழும்பில்தான் கிடக்கிறதோ,
மேல்மாடியில்தான் கிடக்கிறதோ.

கணக்காய்வு ஐயவினா மட்டும் விரைந்து வந்தது:
வாகன இலக்கம் ஒன்று விரல் இழந்தது எங்ஙனம்?
பதினான்கு நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்.
இன்று பன்னிரண்டாம் நாள்.
வெள்ளைத் தாளை முன்னால் வைத்திருக்கிறேன்.

வெளியே, ஜன்னலுக்குப் பிணைச்சல் மாற்ற
ஏணியோடு வந்திருக்கிறார் ஹரல்ட் பார்த்தலட்.
முப்பது வருசம் மின்கம்பங்களில்
தனியே ஏறி இறங்கியவர்
முதல் படியில் காலை வைத்துக்கொண்டு நிற்கிறார்.
"மிஸ், ஏணிய ஒராள் பிடிக்கணும் எண்டு
நீங்கதானே நோட்டீஸ் ஒட்டினீங்க.
வாங்க, பிடிங்க."