ஐஸ் பெட்டிக்குள் ஒரு போத்தில்

பாணுக்குக் கண்ணில மூட்டம் எண்டு
முதல் கண்டது நான் இல்லை.
தண்ணீரூற்றுச் சந்தியில சூடை வாங்க வந்த
பள்ளிக்கூடப் பெட்டை.
"அண்ணை, உங்கட நாய் உங்களைப் பாக்குதில்லை,
உங்கட சத்தத்தைப் பாக்குது."

பாண் வண்டிக்குப் பின்னால ஓடி வந்து
என்ர படலையடியில நிண்டுபோன நாய்.
அதால அந்தப் பேர்.

மருந்து சொல்லாத ஆள் இல்லை.
நந்தியாவட்டையைப் பிழிஞ்சு விடச் சொன்னார் ஒருத்தர்.
தேன் எண்டா இன்னொருத்தி.
எருக்கலம்பால் எண்ட வீட்டுக்கு முன்னால
இப்பவும் நான் ஹோர்ன் அடிக்கிறேல்லை.

ஒட்டுசுட்டானில டொக்டர் யசோவதனி
செம்மஞ்சள் தாள் ஒண்டை நனைச்சுக் கண்ணோரம் தொட்டு,
யன்னலைச் சாத்தி, நீல லைற் பிடிச்சா.
வலக்கண்ணில பச்சையா ஒரு பொட்டு எரிஞ்சுது,
இரவில தூரக் கடல்ல
ஆற்றையோ வள்ளத்து லாம்பு மாதிரி.

"இது புண். மருந்துக்கு மாறும்.
மற்றக் கண் புரை.
அதுக்குச் சொட்டு மருந்து எண்டு ஒண்டும் இல்லை,
வெட்டித்தான் எடுக்கவேணும். பேராதனைக்குப் போகவேணும்."

பிறகு அவன்ர முன்னங்காலில ரத்தம் எடுத்து,
மெசினில சுத்தவிட்டு,
மேல தெளிஞ்ச மஞ்சள் தண்ணியை
விரலளவு போத்தில்ல விட்டுத் தந்தா.
"அவன்ர ரத்தமேதான் அவனுக்கு மருந்து.
குளிரில வையுங்கோ.
ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒரு சொட்டு."

குளிர்.
என்ர வீட்டில குளிர் எண்டா மார்கழிதான்.

அதால மூண்டு பையில முடிச்சுப் போட்டு
மீன் பெட்டிக்குள்ள,
பாரைக்கும் திரளிக்கும் நடுவில, ஐஸுக்குள்ள.
நீலப் பேசினை வெட்டிக் கழுத்தில மாட்டி
பெற்றோல் டாங்கிக்கு மேல பாண்.
"இண்டைக்கு என்ன, கடல்நாயோ?"
சிரிக்கட்டும்.

ஏழுக்கு முள்ளியவளை.
ஒன்பதுக்குக் கூழாமுறிப்பு, ஒரு மரநிழல்.
பதினொண்டு ஒலுமடுவில, தராசில சனம் நிக்கேக்க.
சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் விடுறனான்,
டொக்டரிட்ட ஏச்சு வாங்கின பிறகு.
முதல் மூண்டு நாளும் கடி.
நாலாம் நாள்
பையைத் திறந்த உடன மூஞ்சியை நிமிர்த்தினான்.
போத்தில் நாறுது, மீன் நாத்தம்.
கண்ணுக்கு விடுறதை
நாக்கால எட்டிப் பிடிக்கப் பாக்கிறான், விசரன்.

பத்தொன்பதாம் நாள் விடிய
பெட்டியைக் கட்டிக்கொண்டு நிக்கிறன்,
என்னைப் பாத்துக் குலைச்சான்.
வேற ஆரும் இல்லை. என்னைத்தான்.
மூட்டம் ஓரத்தில இருந்து கரைஞ்சு
கறுப்பு வெளிய வந்திருக்கு.
நான் இடையில தாடி விட்டது
அவனுக்கு ஆர் சொன்னது?
கையை நீட்டினன். மணந்தான்.
வெக்கப்பட்ட ஆள் மாதிரி
அங்கால திரும்பி ஒண்டுக்கு அடிச்சான்.

இடக்கண் இன்னும் வெள்ளைதான்.
வான் கூலி, ரெண்டு நாள் யாவாரம்,
மயக்க மருந்தை வயசு தாங்குமோ,
வெட்டினாலும் தெரியுமோ.
"உறுதி சொல்லேலாது" எண்டா டொக்டர்.
பொய் சொல்லாத பொம்பிளை.
எண்டாலும் திகதி எடுத்துத் தந்தா.

அந்தத் துண்டையும் பெட்டிக்குள்ளதான் வைச்சனான்.
ஐஸ் தண்ணி பட்டு மை ஊறி
பதினாலோ பத்தொன்பதோ
விளங்கேல்ல.
வெளிச்சத்துக்குப் பிடிச்சும் பாத்திட்டன்.
நாளைக்கு ரீலோட் போட்டுக் கேக்கவேணும்.