பதினேழாம் தாள்

வகுப்பு நடப்பது பழைய சைக்கிள் ஸ்டாண்டில்.
தகரக் கூரை. காட்பாடி வெயில் பத்து மணிக்கே
பாடம் எடுக்கத் தொடங்கிவிடும்.
ஒரு பக்கம் பிப்பெட், பீக்கர், கை கழுவும் தொட்டி.
மறுபக்கம் ஈசல், டர்பன்டைன், கை துடைக்கும் துணி.
நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு இருந்ததாம்,
முந்தைய பேட்ச் மிதித்தே அழித்துவிட்டது.

முதுகலை இரண்டாம் ஆண்டு. எனக்கு இரண்டு கைடு.
நான் கொண்டுவருவதை
ஹயாத் சார் மாதிரி என்பார்,
பூங்கோதை மேடம் நீர்வண்ணம் என்பார்.
எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பாட்டில்தான்.
ராணிப்பேட்டையில் போர்வெல் போர்வெல்லாய்ப் போய்த்
தட்டிய கதவுகளில் திறந்தவை இருபத்திரண்டு.

தாளை அந்த நீரில் ஊறவைத்து, அமிலம் தொட்டு,
ஒரு சொட்டு மருந்து விட்டால்
குரோமியம் இருக்கிற இடத்தில் ஊதா எழும்.
சிலவற்றில் ஒரு சந்தேகம் அளவுக்கு.
சிலவற்றில் கத்தரிப் பூ.
பதினேழில்,
எப்படிச் சொல்ல,
முகூர்த்தப் பட்டிலும் நான் பார்த்ததில்லை அந்த நிறத்தை.
சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.
கத்திய பிறகுதான்
யார் வீட்டுத் தண்ணீர் என்று நோட்டைப் புரட்டினேன்.

என் கோப்புகள் இருப்பது ஒரு தோல் பையில்.
அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார்,
கழித்துப்போட்ட தோலில் தைத்து வாங்கித் தந்தது.
மூன்று செமஸ்டர் ஃபீஸும் அதே தோலில் வந்ததுதான்.
அன்று பையை முகர்ந்து பார்த்தேன்.
புதுசு வாசம். நல்லாத்தான் இருந்தது.

கண்காட்சியன்று காலையில் சொட்டு விட்டு,
ஈரம் போனதும் வரிசையாய் மாட்டினோம்.
இருபத்து மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்றார் சார்,
காய்ச்சி வடித்த நீரில் ஊறிய தாள். வெள்ளை.
"ஒப்பிட அது இல்லேன்னா எதை நம்புறது?"
"கதவோரமா மாட்டு," என்றார் மேடம்,
"வர்றவங்க கண்ணைக் கழுவிக்கிட்டு வரட்டும்."
இரண்டு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

சென்னைக்காரர் ஒருவர் பதினேழுக்கு விலை கேட்டார்.
வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
"இது படமா, ரிப்போர்ட்டா?"
ஒத்திகை பார்த்த பதில் பத்து நிமிடம் நீளும்.
நாலாவது நிமிடத்தில் சலோமி அக்கா உள்ளே வந்தார்,
ஷிஃப்ட் முடிந்து, கழுத்தில் கம்பெனி அட்டையோடு.
நான்தான் அழைத்திருந்தேன்.
வருவார் என்று நினைக்கவில்லை.

"எங்க வூட்டுது எது?"
காட்டினேன்.
தள்ளி நின்று பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார்.
"நல்லாக்கீது."
அப்புறம், "குடிக்கிறதில்ல. கேன் தண்ணிதான்.
சின்னவன இதுல குளிப்பாட்டலாமா?"

சாரைப் பார்த்தேன். மேடத்தைப் பார்த்தேன்.
தேர்வாளர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.
தாளின் கீழே ஒட்டியிருந்தது:
பெயரிடப்படாதது, 17.
லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது
என் நோட்டில் இருந்தது, பென்சிலில்.
சுவரில் எண் வந்தால் அசிங்கம் என்று
நான்தான் எடுத்தேன் அந்த முடிவை.

அந்த ஊதா நிற்காது.
தகரக் கூரையின் சூட்டில் ராத்திரிக்குள் இறங்கிவிட்டது.
காலையில் எல்லாமே கதவோரத்துத் தாள்போலத்தான்.
பதினேழின் ஓரத்தில் மட்டும்
டீ சிந்தினாற்போல் ஒரு வளையம்.

விலை கேட்டவருக்கு நான் ஃபோன் பண்ணவில்லை.
மார்க் எவ்வளவு என்று இன்னும் தெரியாது.
பென்சில் எண்ணை மையால் எழுதினேன்.
அதன் கீழே தமிழில் ஒரே ஒரு வரி,
அதை எழுத மூன்று மணி நேரம்.
சாரிடம் ஒரு கையெழுத்து, மேடத்திடம் ஒன்று.

முத்துக்கடையில் இறங்கி, சந்தில் மூன்றாவது வீடு.
அக்கா காலை ஷிஃப்டில்.
வாசலில் சின்னவன்,
தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட
பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்,
ஒரு ஓட்டை தள்ளி.