குளிரில் அளந்தது

"லைட் பில்லில அரைவாசி
உங்கட கொயில்தான் குடிக்குது" என்றார் சவரிமுத்தர்.
நான் "ஓம்" என்றேன்.
நிரோஜினியும் "ஓம்" என்றாள்.
பஸீலா வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி.
மூன்று பேருக்கு ஒரு அறை, ஒரு வாளி.
வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே மீற்றர்.
அது யாருடைய யூனிட் என்று கேட்பதில்லை,
சுற்றுகிறது.

சம்பளத்துக்கு அடுத்த நாள்
முதலாம் குறுக்குத் தெருவில் மல்ரிமீற்றர் ஒன்று வாங்கினேன்.
மஞ்சள் உறை. ஆயிரத்து எண்ணூறு.
"தங்கச்சிக்கு வயரிங் தெரியுமோ?" என்றான் கடைக்காரன்.
தெரியாது. வகுக்கத் தெரியும்.
புடைவைக்கடையின் பில் மேசையில்
நாள் முழுக்க அதைத்தான் செய்கிறேன்.

கொயிலைச் சுவரிலிருந்து கழற்றி, துடைத்து,
ஈரம் போகும்வரை காத்திருந்து
பிளக்கின் சின்னக் கால் இரண்டிலும்
ஊசிகளை வைத்தேன்.
ஐம்பத்து மூன்று ஓம்.

இருநூற்று முப்பதை அதே எண்ணால் பெருக்கினால்
ஐம்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஐம்பத்து மூன்றால் வகுத்தால்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு வாற்று.
ஆயிரம் என்றே வைத்தேன்,
இரண்டு வாற்று அவருக்கு லாபம்.
நாளைக்கு ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்,
மாதம் பதினெட்டு யூனிட்.
பில்லில் இருந்தது நூற்றுத் தொண்ணூறு.

அதோடு விட்டிருக்கலாம்.
கை சும்மா இருக்கவில்லை.
மாடிப்படிக் குண்டுபல்பையும் கழற்றி அளந்தேன்.
அறுபது வாற்று என்று அதன் தலையில் எழுதியிருக்கிறது.
மீற்றர் அறுபத்தைந்து ஓம் என்கிறது.
கணக்குப்படி எண்ணூற்றுச் சொச்சம் வாற்று
எரிந்திருக்க வேண்டும் அந்தப் படிக்கட்டில்.
மூன்று தரம் வகுத்தேன்.
பல்பு பொய் சொல்லவில்லை, மீற்றரும் சொல்லவில்லை.
நான் தொட்டது குளிர்ந்து கிடந்த இழையை.
எரியும்போது அதே இழை
எண்ணூற்று எண்பது ஓம் மறிக்கும்.

என் ஓம்களை நினைத்துப் பார்த்தேன்.
வீதித்தடையில் அடையாள அட்டையை நீட்டிச் சொன்னது.
பண்டிகைக் காலத்தில் இரவு பத்துவரை நிற்கச் சொல்லி
முதலாளி கேட்டபோது சொன்னது.
சவரிமுத்தருக்கு மாதா மாதம், வாடகைக் கவரோடு.
எல்லாம் குளிரில் அளந்தவை.

ஞாயிறு பூசை முடிந்து அவர் வர
தாளைக் கொடுத்தேன். கை நடுங்கியது, கொஞ்சம்.
கண்ணாடி போட்டார்.
விரல் வரிவரியாக இறங்கியது:
பிரிட்ஜ், தண்ணீர்ப் பம்பு, ரீவி, ஃபேன்கள்,
எங்கள் பதினெட்டு.
"இதில யேசுவின்ர பல்பு எங்க?"

திரு இருதயப் படத்துக்குக் கீழே, சிவப்பு,
பதினைந்து வாற்று, இரவு பகல் அணையாதது.
"அதை விட்டிட்டன்."
"ஏன் விட்டனீர்?"
பேனையை வாங்கித் தானே எழுதினார்.
இருபத்து நான்கால், பிறகு முப்பதால்.
பத்து தசம் எட்டு.

கூட்டினார். மறுபடி கீழிருந்து மேலே கூட்டினார்.
விரல் பிரிட்ஜின் வரியில் வந்து நின்றது.
உள்ளே அது உறுமிக்கொண்டிருந்தது,
பழைய கிழடு, கதவு சரியாய்ச் சாத்தாதது.

"ஓம்" என்றார்
கண்ணாடியைக் கழற்றாமல்.

மேலே, பஸீலாவின் பன்னிரண்டு நிமிடம்
வாளிக்குள் இரையத் தொடங்கியிருந்தது.