ஒன்றும் மாட்டாமல் மூன்று

ஓவர்டைம் பணம் ஆயிரத்து நானூறு.
இருநூறு அரிசிக்கடை பாக்கிக்குப் போனது.
மிச்சத்தை உள்ஜிப்பில் போட்டுக்கொண்டு
முத்துக்கடையில் வேலூர் பஸ் ஏறினேன்.

ஆற்காட்டுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது
கீழே பாலாறு: மணல், கருவேலம், கிழிந்த ஒரு குடை.
மின்தேக்கி என்று பள்ளியில் படித்த சொல்
அந்த இடத்தில் சிரிப்பாக வந்தது.
எங்கள் பக்கம் தேங்குவது எது?

லாங் பஜாரை ஒட்டிய சந்தில் கடை.
மின்தேக்கி என்றால் முழிப்பார் முனவ்வர் பாய்.
கண்டென்சர் என்றால் டப்பாவைத் திறப்பார்.
அளக்கிற மீட்டர் வேண்டும் என்றதும்
கண்ணாடி மேல் மூன்றை வைத்தார்.

மஞ்சள் மல்டிமீட்டர், எழுநூற்றைம்பது.
எல்லாம் அளக்கும். கண்டென்சரையும், போகிற போக்கில்.
நூறு பைக்கோவை நெருங்கினால்
எண்கள் திருவிழாவில் கை நழுவிய பிள்ளையாய் அலையும்.
எனக்கு வேலையே அங்கேதான்.
ரேடியோ கட்டுகிறவளுக்கு
இருபத்திரண்டும் முப்பத்துமூன்றும்
வேறு வேறு ஸ்டேஷன்.

அடுத்தது நாலாயிரத்து இருநூறு.
தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம்.
வைத்துவிட்டேன்.

மூன்றாவதற்குச் சட்டையே இல்லை.
பச்சைப் பலகை, நீலத் திரை,
பேட்டரிக்கு இரண்டு வால். அறுநூற்று நாற்பது.
ஜீரோ என்று ஒரு பொத்தான், அலங்காரத்துக்கு.
"சார்ஜ் இருக்கறத மாட்டுனா செத்துடும்மா.
மொதல்ல ரெண்டு காலையும் சேத்து வச்சுடணும்.
கேரண்டி மட்டும் கேக்காத."

கம்பெனியில் தோலின் கனம் பார்ப்பது என் வேலை.
ஒன்று புள்ளி இரண்டு இருந்தால் ஷூவின் மேல்பாகம்,
குறைந்தால் லைனிங், அதற்கும் குறைந்தால் மூலையில் குவியல்.
என் மேசை கேஜ் எப்போதும் புள்ளி ஒன்று கூட்டியே சொல்லும்.
புதிதாய் வந்த சூப்பர்வைசர் கண்ணாயிரம்
பளபளவென்று வேறொன்று கொடுத்தார்.
அது காலையில் கூட்டியது, சாப்பாட்டுக்குப் பிறகு குறைத்தது.
பழையதையே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதனால் பர்சிலிருந்து என் சாட்சியை எடுத்தேன்.
செம்பழுப்பு மைக்கா, நூறு பைக்கோ,
ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகாதது.
ஏதோ பழைய பலகையிலிருந்து கழற்றி
மாத்திரை அட்டைக்குள் செருகி வைத்திருந்தேன்.

மஞ்சள் தொண்ணூற்றொன்று என்றது.
கழற்றி மாட்டினால் நூற்றேழு.
பச்சை நூற்று மூன்று.
மறுபடி நூற்று மூன்று.
பாய் டீ குடித்துவிட்டு வரும்வரை பொறுத்து
இன்னொரு தரம். நூற்று மூன்று.

பொய்தான். ஆனால் ஒரே பொய்.

ஐம்பது குறைக்கச் சொன்னேன்.
இருபது குறைந்தது.

ராத்திரி ஸ்டூலில் ஏறி ஃபேன் மூடியை இறக்கினேன்.
ஸ்க்ரூடிரைவரால் இரண்டு வயரையும் சேர்த்ததும்
பட்டென்று ஒரு பொறி. பாய் சொன்ன சாவு
நுனியில் கரும்புள்ளியாய் நின்றது.
உடம்பில் இரண்டரை என்று எழுதியிருந்தது.
திரையில் ஒன்று புள்ளி மூன்று எட்டு.
மே மாதம் முழுக்க ஃபேனைத் திட்டித் தீர்த்திருக்கிறோம்,
பாதி வயிற்றோடு சுற்றியதை.

"புதுக் கண்டென்சரே அறுபது ரூபாதானே,
அத மாத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்காதா?"
என்றாள் அறைத் தோழி பவுலின்.
பதில் இல்லை என்னிடம்.
பலகையின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி
'மூணு கழி' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் விளக்கணைக்கச் சொன்னாள்.
இரண்டு கிளிப்பும் மேசையில் சும்மா கிடந்தன,
நடுவில் வெறும் காற்று. திரையில் மூன்று.
கையைப் பக்கத்தில் கொண்டுபோனேன்: நாலு, நாலரை.
எடுத்தேன்: மூன்று.
என்ன அது என்று பவுலின் எழுந்துவந்து
தலைமுடி கலைந்தபடி எட்டிப் பார்த்தாள்.
ஐந்து.

குனியாதே, கணக்கு கெடுது என்றேன்.
அப்புறம்,
இன்னும் கொஞ்சம் குனி என்றேன்.