முதுகு

படத்தில் அவள் நாற்பத்தோரு பேரைக் கொல்கிறாள்.
எண்ணினேன்,
ராமநாதபுரத்துத் தியேட்டரில் மூன்றாவது வரிசையில்,
ஜெசிந்தாவின் முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு.
நாற்பத்தோரு பேரும் எங்கள் நிறம்.
அதில் ஒருவன் என் கொழுந்தன்.
படகுத்துறையில் ஒருமுறை, பாலத்தடியில் ஒருமுறை,
மீசையை மாற்றிக்கொண்டு வாலிநோக்கம் உப்பளத்தில் ஒருமுறை
செத்தான்.
சாவுக்கு அறுநூறு, மதியச் சாப்பாடு தனி.
அப்படிப் பார்த்தால் முப்பத்தொன்பது பேர்தான்.

சின்னப்பாலத்துக்கு அவர்கள் வந்தது பங்குனியில்.
பாசி எடுக்கிற பொம்பளையின் கதை என்றார்கள்.
"உங்கள இதுவரைக்கும் யாருமே திரையில காட்டலக்கா"
என்றான் உதவி இயக்குநர், கண் கலங்க.
உண்மைதான்.
பிறகு மேக்கப்காரர் வந்து
என் முழங்கையை வெயிலில் திருப்பிப் பிடித்தார்.
நான்கு டப்பா திறந்து ஒத்துப்பார்த்து
மூன்றாவதை எடுத்தார்.
இரண்டு மணி நேரத்தில் நாயகி நானாகிவிட்டாள்,
காது மடலுக்குப் பின்னால் மட்டும்
கொஞ்சம் அவளாகவே மிச்சமிருந்தாள்.

கெட்டவள் இல்லை. நீச்சல் தெரியாது.
இடுப்பளவுத் தண்ணீரில் என் கையை விடவே இல்லை.
விரல்களில் நான் சுற்றியிருந்த துணியைத் தொட்டு
வலிக்குமா என்று சைகையில் கேட்டாள்.
துணி இருந்தாலும் பாறை வெட்டும் என்றேன்.
மொழிபெயர்க்க அப்போது ஆள் இல்லை.

தண்ணீருக்குள் போனதெல்லாம் நான்.
காலில் தகரம் கட்டக் கூடாது,
கண்ணாடி கூடாது, மேல்சட்டை கூடாது.
"மூஞ்சி மட்டும் திரும்பிடாம பாத்துக்கங்கக்கா."
இருபத்திரண்டு வருஷமாய் மூச்சை அடக்குகிறவள்
முகத்தை அடக்க அன்றுதான் படித்தேன்.

பேச்சு சொல்லித்தர ஒருவர் வந்திருந்தார்.
வரிக்கு வரி ஏலே போட்டிருந்தார்.
அது தாமிரபரணிப் பக்கம் சார் என்றேன்.
கடல்னா ஏலேதாம்மா, அப்பத்தான் ஜனத்துக்குப் புரியும் என்றார்.
ஏர்வாடி உம்மு சல்மாவிடம்
முக்காட்டை எடுத்தால் கூட்டத்தில் நிற்கலாம்,
எடுக்காவிட்டால் வில்லன் வீட்டில் நிற்கலாம் என்றார்கள்.
வில்லன் வீட்டில் நின்றாள்.
சம்பளம் அங்கேதான் அதிகம்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.
ஆனால்
ரோந்துப் படகை அவள் கொளுத்தினபோது
தியேட்டரே எழுந்தது, நானும் எழுந்தேன்.
இரண்டு விரலை நாக்கடியில் கொடுத்து விசிலடித்தேன்.
போன வாரம் மனோலித் தீவுப் பக்கம்
நிஜ ரோந்துப் படகு எங்கள் மூட்டைகளைக் கொட்டச் சொன்னபோது
சார் சார் என்று கெஞ்சின அதே வாய்.

ஓர் இடத்தில் கத்தியோடு கடலடியில் பதுங்குகிறாள்.
முதுகு.
இடது தோளுக்குக் கீழே சிப்பி கிழித்த தழும்பு.
அழிக்க மறந்திருக்கிறார்கள்.
ஜெசிந்தா தொடையில் கிள்ளினாள், "அடியே, நீ!"
குமிழிகள் மேலே போயின,
நான் விட்டவை, ஒவ்வொன்றாக,
மேலே போய் அவள் வாயில் உடைந்தன.
தலையைத் தூக்கி அவள் இழுத்த மூச்சு
சென்னையில் வேறொருத்தியுடையதாம்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.
வெளுத்துப்போன திரையில் பூமயில் என்று தேடினேன்.
கடற்கரைக் கிராம மக்களுக்கு நன்றி என்று வந்தது.
அதற்குள் எங்கேயோ இருந்தேன்,
கொழுந்தனின் மூன்று சாவுகளோடு.
பெருக்குகிற பெண் காலைத் தூக்கச் சொன்னாள்.

மறுநாள் அமாவாசைத் தண்ணீர்.
குருசடைப் பக்கம் இறங்கினோம்.
இரண்டு ஆள் ஆழத்தில், முதல் கைப் பாசியைப் பிடுங்கிவிட்டு
கேமரா இருந்திருக்கக்கூடிய திசையில்
முகத்தை நன்றாகத் திருப்பிக் காட்டினேன்.
ஒரு கிளாத்தி மீன் நின்று பார்த்தது.
பிறகு அதன் வேலையைப் பார்க்கப் போனது.